தமிழின் வழியே ஆங்கில இலக்கணம்: பெரம்பலூர், அரியலூர் கற்போரை முன்வைத்துத் தற்கற்றல் நூல்கள் குறித்த ஓர் ஆய்வு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்று பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் மாணவர், முதல் வகுப்பு தொடங்கி ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்று, அதில் தேர்ச்சியும் பெற்றவர். எனினும் பள்ளியை விட்டு வெளியேறி, வங்கித் தேர்வுக்கோ மத்திய அரசுப் பணித் தேர்வுக்கோ வெளிநாட்டு வேலைக்கோ ஆயத்தமாகும் நாளில், ஆங்கில இலக்கணத்தை அடியிலிருந்து தொடங்க வேண்டிய நிலையில்தான் பலரும் தம்மைக் காண்கின்றனர். அப்போது ஆசிரியரைத் தேடிச் செல்ல நேரமும் பணமும் வாய்ப்பவர் சிலர். எஞ்சியோர் நாடுவது ஒரு நூலை. விளக்கம், பயிற்சி, விடை ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் கொண்டு, பிறர் துணையின்றித் தாமே படித்து முடிக்கத்தக்கதாக எழுதப்படும் அத்தகைய நூல் இக்கட்டுரையில் தற்கற்றல் நூல் எனக் குறிக்கப்படுகிறது. கிடைக்கும் தற்கற்றல் நூல்கள் இவ்விரு மாவட்டக் கற்போருக்கு எந்த அளவு பொருந்துகின்றன, பொருந்தாத இடங்களில் குறை கற்பவரிடம் உள்ளதா நூலிடம் உள்ளதா என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன. இலக்கண நூல் எவ்வளவு விரிவானது என்பதைக் காட்டிலும், எம்மொழி பேசுவோரை மனத்திற்கொண்டு அது எழுதப்பட்டது என்பதே தற்கற்றலில் முதன்மையான கேள்வி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

களமும் தேவையும்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பிரிந்த பெரம்பலூரும், அதிலிருந்து 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று இறுதியாகத் தனி மாவட்டமான அரியலூரும் ஒரே நிலப்பரப்பின் இரு பாதிகள் எனலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80 விழுக்காட்டைச் சற்றே கடந்திருந்தபோது, பெரம்பலூரில் அது 74.3 ஆகவும் அரியலூரில் 71.3 ஆகவும் இருந்தது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிப் பூமி ஒருபுறம்; சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் அவற்றை நம்பி எழுந்த சிமென்ட் ஆலைகளையும் கொண்ட பகுதி மறுபுறம். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் செல்வது தலைமுறை வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆகவே ஆங்கிலம் இங்கு நகரத்து நாகரிகத்தின் அடையாளமாக மட்டும் தேவைப்படவில்லை, பிழைப்புக்குத் தேவைப்படுகிறது.

இத்தேவையை அளந்து பார்க்க உதவும் ஒரு சான்று உண்டு. பிரதம் நிறுவனம் வெளியிடும் ‘அசர்’ எனப்படும் கல்வி நிலை ஆண்டறிக்கை, 2023ஆம் ஆண்டுக்காக 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுவரை உள்ள ஊரக இளையோர் 34,745 பேரைச் சந்தித்துத் தொகுக்கப்பட்டது. அதில் தமிழ்நாட்டின் சார்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் பெரம்பலூர். ஆய்வுக்குட்பட்ட மாவட்டங்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்க்கையில், எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 விழுக்காட்டினர். அவ்வாறு வாசித்தவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவரால் தாம் வாசித்ததன் பொருளைச் சொல்ல இயலவில்லை. எழுத்துக்கூட்டி ஒலிப்பதற்கும் வாக்கியத்தைப் புரிந்துகொள்வதற்கும் இடையில் உள்ள இந்த வெளியில்தான் இலக்கணம் இருக்கிறது: எது எழுவாய், எது பயனிலை, செயல் முடிந்ததா தொடர்கிறதா, யார் யாருக்குச் செய்தார் என்பவற்றைச் சொற்களின் பொருள் மட்டும் தெரிந்தவரால் உறுதியாகக் கண்டுகொள்ள முடியாது.

தேர்வுகள் இத்தேவைக்கு ஒரு குறிப்பிட்ட வடிவத்தைக் கொடுத்துள்ளன. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் முன்பு பொதுத்தமிழ், பொது ஆங்கிலம் இரண்டில் ஒன்றைத் தேர்வர் விரும்பியபடி எடுக்க முடிந்தது. 2021 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட அரசாணைக்குப்பின் தமிழ்த்தாள் கட்டாயமாகி, ஆங்கிலம் அங்கிருந்து விலகிவிட்டது. மாநிலப் பணிகளைப் பொறுத்தவரை தமிழ் வழியில் பயின்றோருக்கு இது நியாயமான ஏற்பாடு. ஆனால் மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வின் முதற்கட்டத்தில் 100 வினாக்களில் 25 ஆங்கிலத்துக்கு உரியவை. வங்கி எழுத்தர் முதனிலைத் தேர்விலோ 30 ஆங்கில வினாக்களுக்கு 20 நிமிடம், அதாவது வினாவுக்கு 40 நொடி. பிழையுள்ள பகுதியைச் சுட்டுக, கோடிட்ட இடத்தை நிரப்புக என வரும் இவ்வினாக்களில் விதியை நினைவுகூர்ந்து, பொருத்திப் பார்த்து, விடை காண அவகாசம் கிடையாது. பிழை கண்ணில் உறுத்த வேண்டும். அவ்வாறு உறுத்துவதற்குப் பழக்கம் வேண்டும்.

பள்ளி இலக்கணம் அந்தப் பழக்கத்தைத் தருவதில்லை என்பதற்குக் காரணம் ஆசிரியர்களின் உழைப்பின்மை என்று சொல்வது மேலோட்டமான தீர்ப்பு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெடுங்காலமாகக் கேட்டுவந்திருப்பவை பெரும்பாலும் மாற்றி எழுதும் பயிற்சிகள்: செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்குக, நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குக, தனி வாக்கியத்தைக் கலவை வாக்கியமாக்குக. மாணவர்கள் இவற்றை ‘வாய்ஸ்’, ‘ரிப்போர்ட்டட் ஸ்பீச்’ என்று பெயர் சொல்லியே நன்கு செய்வார்கள், மதிப்பெண்ணும் வாங்குவார்கள். ஒரு வடிவத்தை மற்றொரு வடிவமாக மாற்றத் தெரிந்தும், எந்தச் சூழலில் எந்த வடிவத்தைத் தெரிந்தெடுப்பது என்பது தெரியாமலே போகிறது. பேசுபவரும் எழுதுபவரும் வாழ்வில் எதிர்கொள்வது தெரிந்தெடுக்கும் கேள்வியை. மாற்றி எழுதும் கேள்வியை எவரும் அவர்களிடம் கேட்பதில்லை.

கடையில் கிடைக்கும் நூல்கள்

தமிழ்நாட்டுப் புத்தகக் கடைகளில் ஆங்கில இலக்கணம் தேடுவோருக்குக் கிடைப்பவை மூன்று வகையின. முதலாவது, ரென்–மார்ட்டின் என்று ஆசிரியர் பெயர்களாலேயே அறியப்படும் உயர்நிலைப்பள்ளி இலக்கணம். 1930களில் வெளிவந்த இந்நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான பி.சி.ரென், பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் பணியாற்றியவர். ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலால் உலகப் புகழ் பெற்றவரும் அவரே. (அந்த நாவலை இன்று படிப்பவர் அரிது, இலக்கண நூலோ பின்னாளில் என்.டி.வி.பிரசாத ராவ் திருத்தத்துடன் இன்றும் விற்பனையாகிறது.) சொல்வகைகளை இனம்பிரித்தல், வாக்கியத்தைக் கூறுகளாகப் பகுத்தல் என்னும் பழைய ஐரோப்பிய மரபில் அமைந்த இந்நூலில் பயிற்சிகள் ஏராளம் உண்டு. ஆனால் விடைநூல் தனியாக விற்கப்படுகிறது. வகுப்பறையில் ஆசிரியர் கையில் விடை இருக்கும் என்ற எண்ணத்தில் பிறந்த நூல் இது என்பதற்கு அதுவே அடையாளம்.

இரண்டாவது வகை, சென்னை பாலாஜி பப்ளிகேஷன்ஸின் ‘30 நாட்களில்’ வரிசையும், டெல்லி புஸ்தக் மஹால் பல இந்திய மொழிகளில் வெளியிட்டு, கிரிக்கெட் வீரர் கபில்தேவை விளம்பரத்தில் நிறுத்திப் பரப்பிய ‘ரேபிடெக்ஸ்’ நூலும் போன்றவை. தமிழில் விளக்கம், தமிழ் எழுத்தில் ஒலிப்பு, அன்றாட உரையாடல்கள் என இவை கற்பவரின் மொழியில் பேசுகின்றன. அதனாலேயே பேருந்து நிலையக் கடைவரை சென்று சேர்ந்தன. கல்வி கற்றோர் இவற்றை ஏளனம் செய்வது வழக்கம். அந்த ஏளனத்துக்கு இவை உரியவை அல்ல. ஆனால் கற்பவரின் தாய்மொழியில் விளக்குவது வேறு, அம்மொழியின் அமைப்பை அறிந்து விளக்குவது வேறு. மொழிபெயர்த்த வாக்கியங்களை அடுக்கித் தரும் இந்நூல்கள், தமிழ் வாக்கியம் ஆங்கில வாக்கியத்திலிருந்து எவ்விடத்தில், ஏன் பிரிகிறது என்பதை அரிதாகவே சொல்கின்றன.

மூன்றாவது வகைக்குத் தலைமை தாங்குவது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1985இல் வெளியிட்ட ரேமண்ட் மர்ஃபியின் நூல். இதன் ஐந்தாம் பதிப்பில் 145 அலகுகள் உள்ளன. ஒவ்வோர் அலகிலும் இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி, நூலின் இறுதியில் விடைகள். முதல் 25 அலகுகளும் வினையின் காலங்களுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வரிசையாகப் படிப்பதற்கான நூல் அன்று இது என்று ஆசிரியரே முன்னுரையில் தெளிவுபடுத்தியுள்ளார். எந்தெந்த அலகுகள் தமக்குத் தேவை என்று கற்பவர் சோதித்தறியப் பின்பகுதியில் ஒரு வழிகாட்டித் தேர்வும் இணைக்கப்பட்டுள்ளது. இந்நூலை வாங்குவோரில் பலர் அந்தப் பகுதியைப் பார்ப்பதே இல்லை. முதல் அலகில் தொடங்கி, முப்பதாவது அலகுக்குள் களைத்து, நூலை அலமாரியில் வைத்துவிடுவது அவர்கள் வழக்கம்.

தாமே கற்போருக்கு விடை தரும் வழக்கம் மர்ஃபியிடம் தொடங்கியதன்று. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த லிண்ட்லி மர்ரே 1795இல் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். 1797இல் அதற்குப் பயிற்சி நூலையும், ஆசிரியரின்றிப் படிப்போரும் பயன்கொள்ளும்படி விடை நூலையும் வெளியிட்டார். 1818இல் வில்லியம் காபெட் எழுதிய இலக்கணமோ, தம் மகனுக்கு எழுதும் கடிதங்களின் வடிவில், படைவீரர், மாலுமிகள், தொழில் பழகுநர், ஏர் உழும் சிறுவர் ஆகியோர் பயன்பாட்டுக்கென்றே எழுதப்பட்டது. காபெட்டே உழவர் மகன். படையில் இருந்தபோது இலக்கணத்தைத் தாமே கற்றவர். பள்ளியின் கதவு தமக்குத் திறக்காதவர்களின் தேவையிலிருந்து வளர்ந்த நூல்வகை இது. ஆயினும் மர்ரேயும் காபெட்டும் எழுதியது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு. மர்ஃபி எழுதியது எந்தத் தாய்மொழியினர் என்று பாராமல் உலகம் முழுவதற்கும். பிரேசிலில் இருப்பவருக்கும் ஜப்பானில் இருப்பவருக்கும் அரியலூர் மாவட்டத்துச் செந்துறையில் இருப்பவருக்கும் ஒரே விளக்கம், ஒரே பயிற்சி. சந்தைக்கு இது வலிமை. கற்பவருக்கு இதுவே குறை.

தமிழ் அறிந்தவர் ஏற்கெனவே அறிந்தவை

இந்தக் குறை எங்கு வெளிப்படுகிறது என்பதற்குச் சுட்டிடைச்சொற்களை, அதாவது ‘ஆர்ட்டிகிள்’ எனப்படும் ‘எ’, ‘ஆன்’, ‘தி’ ஆகியவற்றை முதலில் பார்க்கலாம். தமிழில் இவை இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, மலைகளின் பெயருக்கு முன் வருமா, ஆறுகளின் பெயருக்கு முன் வருமா என்ற பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதே வழக்கமான முறை. உண்மையில் ‘தி’ உணர்த்தும் கருத்து தமிழர்க்குப் புதிதன்று. ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் குழந்தையும் அறியும்: முன்னதில் ஏதோ ஒரு புத்தகம், பின்னதில் பேசுபவரும் கேட்பவரும் ஏற்கெனவே அறிந்த புத்தகம். ‘ஆசிரியரைப் பார்த்தேன்’ என்பதுபோல் உயர்திணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ கட்டாயமாக வர, அஃறிணைப் பெயரில் அது வருவதும் வராமையும் இவ்வாறு பொருள் வேறுபாட்டைச் சுமக்கின்றன. இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று பள்ளியில் படித்த பாடமே இங்கு ஆங்கிலத்துக்குள் நுழையும் வாசலாகக்கூடும். இந்த ஒப்புமை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எழுவாயாக வரும் பெயருக்கு ‘ஐ’ இல்லை, ‘ஒரு புத்தகத்தை’ என்று இரண்டும் சேர்ந்தும் வரும். எனினும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்குவதற்கும், ‘நீங்கள் நாள்தோறும் செய்துவரும் ஒரு தேர்வை ஆங்கிலம் எல்லாப் பெயர்களுக்கும் விரிக்கிறது’ என்று தொடங்குவதற்கும் உள்ள தொலைவு பெரிது.

பெயரெச்சம் இதனினும் சுவையானது. பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை வைத்தே இதைச் சொல்லலாம். ‘வெங்காயம் ஏற்றிய ஆள்’, ‘வெங்காயம் ஏற்றிய லாரி’, ‘வெங்காயம் ஏற்றிய இடம்’, ‘வெங்காயம் ஏற்றிய நாள்’ ஆகிய நான்கிலும் ‘ஏற்றிய’ என்னும் எச்சம் மாறவே இல்லை. ஏற்றியவர் யார், எதில் ஏற்றினர், எங்கு ஏற்றினர், என்று ஏற்றினர் என்னும் உறவுகளைக் கேட்பவரே உணர்ந்துகொள்கிறார். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்னும் ஆறு வகைப் பெயரையும் பெயரெச்சம் கொண்டு முடியும் என்பது நன்னூல் கூறும் இலக்கணம். ஆங்கிலம் இந்தச் சுதந்திரத்தைத் தருவதில்லை. ஆளுக்கு ‘ஹூ’, லாரிக்கு ‘ஆன் விச்’, இடத்துக்கு ‘வேர்’, நாளுக்கு ‘வென்’ என உறவைத் தனிச்சொல்லால் வெளிப்படக் காட்டியாக வேண்டும். தமிழ்க் கற்போர் ‘தி லாரி விச் தே லோடட் தி ஆனியன்ஸ்’ என்று ‘ஆன்’ என்னும் முன்னிடைச்சொல்லை விட்டுவிடுவதற்கு இதுவே முதற்காரணம். அவர் கவனக்குறைவாக எழுதவில்லை. தமிழ் தேவையில்லை என்று விட்டதை அவரும் விட்டார். இந்த ஆறு வகையையும் வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் கேட்கும் சொல் எது என்று காட்டும் ஒரே ஒரு பாடம், உறவுத் தொடர் பற்றிய பல பக்க விளக்கத்தைவிடப் பயனுடையதாகும்.

செயப்பாட்டுவினைக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிக்கோட்டையைப் பார்க்க வருபவர் ‘இந்தக் கோட்டையை எப்போது கட்டினார்கள்?’ என்று கேட்பார், ‘எப்போது கட்டப்பட்டது?’ என்று கேட்பது எழுத்துநடை. கட்டியவர் யார் என்பது இங்கு முக்கியமில்லை என்பதால் பேச்சுத்தமிழ் எழுவாயை விட்டுவிட்டுப் பலர்பால் வினைமுற்றை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் எழுவாயை அவ்வாறு விட முடியாது. எனவே அந்த இடத்தில் செயப்பாட்டுவினை இயல்பாக வந்து நிற்கிறது. ‘தமிழில் எழுவாய் சொல்லாமல் ‘ஆர்கள்’ என்று முடிக்கும் இடங்களைக் கண்டுபிடியுங்கள், அங்கெல்லாம் ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினையைச் சோதித்துப் பாருங்கள்’ என்று சொல்லும் நூல் கற்பவருக்குத் தெரிந்தெடுக்கும் திறனைத் தரும். பள்ளிப் பயிற்சியோ, இருக்கும் வாக்கியத்தைத் திருப்பிப்போடும் திறனோடு நின்றுவிடுகிறது.

காலங்களில்தான் தாய்மொழி துணையாகவும் தடையாகவும் மாறி மாறி நிற்கிறது. ‘வந்திருக்கிறேன்’, ‘வந்துகொண்டிருக்கிறேன்’ போன்ற கூட்டுவினைகள் இருப்பதால், செயலின் முடிவையும் தொடர்ச்சியையும் வினையில் குறிக்கும் எண்ணம் தமிழர்க்கு எளிது. ஆனால் ‘மூன்று வருடமாக சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கிறேன்’ என்பதில் ‘ஆக’ என்னும் உருபே கடந்த காலத்திலிருந்து இன்றுவரை நீளும் தொடர்ச்சியைச் சொல்லிவிடுவதால், வினை நிகழ்காலத்திலேயே நின்றுவிடுகிறது. அதைப் பின்பற்றி ‘ஐ ஆம் வொர்க்கிங் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதுபவர், ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்று ஆங்கிலம் வினைக்குள்ளேயே அந்த நீட்சியை வைப்பதைத் தவறவிடுகிறார். மறுபுறம், ‘நேற்று கலெக்டர் ஆபீஸுக்கு வந்திருந்தேன்’ என்பது தமிழில் பிழையற்ற, பணிவான கூற்று. ‘ஐ ஹேட் கம் எஸ்டர்டே’ என்று அதுவே ஆங்கிலமாகும்போது, கேட்பவர் ‘அதற்குப் பிறகு என்ன நடந்தது?’ என்று காத்திருப்பார். ஏனெனில் அந்த வடிவம் ஆங்கிலத்தில் இன்னொரு கடந்தகால நிகழ்ச்சிக்கு முந்தியதைக் குறிப்பது. தமிழ்நாட்டு விண்ணப்பங்களில் மிகுதியாகக் காணப்படும் இந்தப் பிழைக்கு உலகப் பொது நூலில் தனி எச்சரிக்கை இல்லாததில் வியப்பில்லை. பிற மொழியினர் பலர் அதைச் செய்வதில்லை.

எனினும் எல்லாப் பிழையையும் தாய்மொழியின் மேல் ஏற்றுவது தவறாகும். கற்பவரின் இடர்களை இரு மொழிகளின் வேறுபாட்டிலிருந்து முன்கூட்டியே அறியலாம் என்னும் முரணிலை ஆய்வு, ராபர்ட் லேடோ 1957இல் வெளியிட்ட நூலால் பரவியது; பத்தாண்டுகளுக்குப்பின் பிட் கார்டர், பிழைகள் கற்பவர் தாமாகக் கட்டிக்கொள்ளும் இடைக்கால விதிகளைக் காட்டுபவை என்று விளக்கி அந்த நம்பிக்கையைத் தளர்த்தினார். தமிழர் வழக்கிலேயே இதற்குச் சான்று உண்டு. வருகிறான், வருகிறாள், வருகிறது என்று திணை, பால், எண், இடம் நான்கையும் வினைமுற்றில் காட்டும் தமிழைப் பேசுபவர், ‘ஹி கோஸ்’ என்பதில் உள்ள ஒரே ஒரு விகுதியை மறக்கக்கூடாது; மறக்கிறார். உலகின் பல மொழியினரும் அதை மறக்கின்றனர். ஆகவே தமிழை அடியாகக் கொண்ட தற்கற்றல் நூல், எங்கு தமிழ் துணை, எங்கு தடை, எங்கு இரண்டும் அன்று என மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

மறுதிசையில் எழுதப்பட்ட நூல்கள்

இத்தகைய நூல் எழுத முடியுமா என்ற ஐயத்துக்கு இம்மாவட்டங்களின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. ஆனால் திசை மாறி. திருக்காவலூர் என்றும் அழைக்கப்படும் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியைத் தம் பணித்தளமாகக் கொண்டிருந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர், 1680இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதளவில் தமிழகம் வந்து தமிழைக் கற்றவர். அவர் 1728இல் கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சு வழக்குக்கு, இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். கத்தோலிக்கத் துறவியாகிய அவரது நூலை 1738இல் அச்சிட்டது தரங்கம்பாடியின் புராட்டஸ்டன்ட் அச்சகம் என்பது அக்காலச் சமயப் பூசல்களை அறிந்தோர்க்கு வியப்பளிக்கும். செந்தமிழுக்கு 1730இல் தனியே மற்றோர் இலக்கணத்தை எழுதினார். பேச்சுக்கும் எழுத்துக்கும் ஒரே நூல் போதாது என்ற தெளிவு அவருக்கு இருந்தது. ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ வகுப்பில் தேர்வு இலக்கணத்தையும், தேர்வுப் பயிற்சியில் பேச்சையும் ஒன்றாகக் குழைப்பவர்களிடம் இன்றும் காணக் கிடைக்காத தெளிவு அது.

பெஸ்கியின் இலக்கணம் யாருக்கானது என்பதில் குழப்பமே இல்லை. இலத்தீன் இலக்கணம் கற்ற ஐரோப்பியத் துறவிகள் தமிழ் கற்க எழுதப்பட்டது அது. அவர்கள் ஏற்கெனவே அறிந்த வேற்றுமைப் பெயர்களைக் கொண்டே தமிழ்ப் பெயர்களின் வடிவங்களை விளக்கியது. இலக்கணத்தோடு அவர் நிற்கவுமில்லை. சதுரகராதியை 1732இல் தொகுத்தார். கற்பவர்களுக்கு அகராதிகள் ஆக்கினார். பேச்சுத்தமிழ் பழகுவோர் வாசித்துப் பயில ‘பரமார்த்த குருவின் கதை’யை எழுதினார். இன்று சிறுவர் நகைச்சுவைக் கதையாக மட்டும் அறியப்படும் அந்நூல், தொடக்கத்தில் மொழி கற்போருக்கான வாசிப்புப் பாடம் என்பதைப் பலர் அறியார். 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் பதிப்பித்தார். இலக்கணம், அகராதி, சுவையான வாசிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே முழுமையான தற்கற்றல் என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி தேவையில்லை.

ஜி.யு.போப் ஒரு படி மேலே சென்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் எழுதிய தமிழ்க் கையேட்டின் தலைப்புப் பக்கமே, தமிழ் கற்கும் அயலாருக்கும் ஆங்கிலம் கற்கும் தமிழருக்கும் உரிய நூல் என்று அதை அறிமுகப்படுத்துகிறது. கேள்வியும் பதிலுமாக வாக்கியங்களைச் சிறுகச் சிறுக வளர்த்துச் செல்லும் ஒல்லண்டார்ஃப் முறையைத் தழுவி, வாசிப்புப் பாடங்களும், கடிதங்கள், பத்திரங்கள், மனுக்கள் ஆகியவற்றின் விளக்கங்களும், பயிற்சிகளுக்கான விடைகளும் அதில் சேர்க்கப்பட்டன. கற்பவர் உண்மையில் எதை எழுத நேருமோ அதையே பாடமாக்கிய அந்த நடைமுறையறிவு குறிப்பிடத்தக்கது. இருவழியும் செல்லத்தக்கதாக எழுதப்பட்ட அந்நூல் அயலார் தமிழ் கற்கும் நூலாகவே நிலைபெற்றது. தமிழர் ஆங்கிலம் கற்கும் பாதியை வளர்த்தெடுக்கப் பின்வந்தோர் முயலவில்லை.

இலக்கணம் தேவையா என்னும் வாதம்

இருபதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் நடந்த முயற்சிகள் வேறு திசையில் சென்றன. 1959ஐ ஒட்டிச் சென்னையில் தொடங்கிய பெரும் பயிற்சித் திட்டம், பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி தரும் ‘பனிப்பந்து’ முறையில் சுமார் 27,000 ஆரம்பப்பள்ளி ஆசிரியர்களைச் சென்றடைய முயன்றது. வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி வாய்மொழியாகப் பழக்குவது அதன் வழி. பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய, பெங்களூர்த் திட்டம் என்று உலகெங்கும் பேசப்படும் முயற்சியோ, மாணவரின் கவனம் பொருளில் குவிந்திருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளத்தில் படியும் என்று கருதி, இலக்கணப் பாடத்தையே கைவிட்டு, வரைபடம் பார்த்தல், கால அட்டவணை ஆராய்தல் போன்ற செயல்களை வகுப்பில் வைத்தது.

பிரபுவின் கருத்து ஆழமானது. வகுப்பறையில் நல்ல ஆசிரியர் இருக்கும் இடத்தில் அது பயன்தரும். தனியே அமர்ந்து படிக்கும் இருபத்திரண்டு வயதுக்காரருக்கு அது உதவாது. பேச்சில் ஆங்கிலம் கேட்காத ஊரில், பொருளில் குவிவதற்கு உரிய ஆங்கிலச் சூழலே அவருக்கு அமைவதில்லை. நோரிஸ், ஒர்டேகா ஆகியோர் 49 ஆய்வுகளைத் திரட்டி 2000இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, விதியை வெளிப்படையாகச் சொல்லிக் கற்பித்தல் சொல்லாமல் பழக்குவதைவிடக் கூடுதல் பயன் தந்ததாகக் காட்டியது. அந்த ஆய்வுகளில் பல விதியறிவை அளக்கும் தேர்வுகளையே கையாண்டன என்ற மறுப்பு சரியானதே. ஆனால் வங்கித் தேர்வும் அத்தகைய தேர்வுதான் என்பதை நோக்கினால், இம்மாவட்டத்துக் கற்போரைப் பொறுத்தவரை அந்த மறுப்பு வலுவிழக்கிறது.

நூலைக் கையாளும் முறை குறித்து உளவியல் தரும் உறுதியான முடிவு ஒன்று உண்டு. ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை மூடிவைத்துத் தம்மையே சோதித்துக்கொண்டவர்களே மிகுதியாக நினைவுகூர்ந்தனர். விளக்கப் பக்கத்தில் வண்ணக்கோடு இழுத்துக்கொண்டே போகிறவர் தமக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக எண்ணுவது இந்த ஐந்து நிமிட வெற்றியால்தான். பயிற்சியைப் பென்சிலால் எழுதி, விடையோடு ஒப்பிட்டு, தவறியவற்றை மட்டும் ஒரு வாரம் கழித்து மீண்டும் எழுதுவதே தற்கற்றலின் உயிர்ப்பகுதி. கைப்பேசியில் இலக்கணக் காணொளிகளைப் பார்ப்பதில் உள்ள குறையும் இதுவே. அவை தெளிவாக விளக்குகின்றன, ஆனால் எழுதச் சொல்லி அடம்பிடிப்பதில்லை.

தமிழ் வழிக் கற்போருக்குத் தமிழிலக்கணத்தை அடியாகக் கொண்ட ஆங்கில இலக்கணத் தற்கற்றல் நூலை எழுதுவிக்கும் பொறுப்பு, பாடநூல்களை உருவாக்கி அச்சிட்டு மாநிலமெங்கும் கொண்டுசேர்க்கும் கட்டமைப்பைக் கையில் வைத்திருக்கும் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்துக்கே உரியது. தமிழாசிரியர் ஒருவரும் ஆங்கில ஆசிரியர் ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுத வேண்டிய நூல் அது. தனித்தனியே இருவரில் எவராலும் அதை எழுத இயலாது. விடைப்பகுதி அந்நூலுக்குள்ளேயே இருக்க வேண்டும், தவறான விடை ஏன் தவறு என்பதையும் அது தமிழில் சொல்ல வேண்டும், மாவட்ட நூலகங்களிலும் கிளை நூலகங்களிலும் அது இரவல் கிடைக்க வேண்டும். அந்நூல் வரும்வரை, மர்ஃபியின் நூலை வைத்திருப்பவர்கள் அதன் பின்பகுதி வழிகாட்டித் தேர்வில் தொடங்கி, தமக்குத் தவறும் அலகுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அலகின் ஓரத்திலும் அதற்குரிய தமிழ் வாக்கியம் ஒன்றைத் தம் கைப்பட எழுதிவைத்துப் படிப்பதே கைக்கு எட்டும் வழி.